மூன்றரை வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே தமிழ் எழுத்து: எங்கிருந்து தொடங்குவது?

நன்னிலம்_அம்மா:

வணக்கம். என் மகனுக்கு மூன்றரை வயது. அடுத்த ஜூனில் எல்கேஜி சேர்க்கிறோம். அதற்குள் தமிழ் எழுத்தை வீட்டிலேயே விளையாட்டாக அறிமுகம் செய்துவிட ஆசை. சுவரில் உயிரெழுத்து அட்டவணை ஒட்டியிருக்கிறேன். அ முதல் ஃ வரை ராகத்தோடு தடையில்லாமல் சொல்கிறான். ஆனால் நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டு இது என்ன என்று கேட்டால், மறுபடி அ-விலிருந்து பாடிக்கொண்டு வந்துதான் அந்த இடத்தில் நிற்கிறான். அட்டவணையில் ஒ-வுக்கு ஒட்டகம், ஃ-க்கு எஃகு. இரண்டையும் அவன் பார்த்ததே இல்லை.

இப்போது வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. எதிர் வயலில் குறுவை நட்டிருக்கிறார்கள். பிள்ளைக்கு நாள் முழுக்க நண்டு, நத்தை, தவளை பேச்சுதான். வாரத்துக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியே கதை, கைவேலை, எழுத்து எல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. எந்த எழுத்தில் தொடங்குவது? எப்போது எழுத வைப்பது? மாமனார் இப்போதே சிலேட்டும் பலப்பமும் வாங்கி வைத்துவிட்டார். அவர் ஆசையையும் தட்ட முடியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

திருவையாறு_வாத்தியார்:

வணக்கம் அம்மா. ஒன்றாம் வகுப்புக்கே பல வருடம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். பிள்ளை பாடுவது எழுத்து இல்லை, பாட்டு. அதில் கெடுதல் ஒன்றும் கிடையாது. ஆனால் எழுத்து தெரியும் என்று அதை வைத்து முடிவு செய்யக் கூடாது. நீங்கள் நடுவில் தொட்டுக் கேட்டுப் பார்த்தது சரியான சோதனை.

முதலில் காது, அப்புறம் கண், கடைசியில்தான் கை. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். ஒரு சொல் எந்த ஒலியில் தொடங்குகிறது என்று காது பிடிக்காத பிள்ளைக்கு அந்த ஒலியின் வடிவத்தைக் காட்டினால் அது வெறும் கோடாகத்தான் தெரியும்.

உங்கள் வயல் யோசனை அருமை. அதிலேயே உங்களுக்கு முதல் எழுத்தும் கிடைத்துவிட்டது: ந. நண்டு, நத்தை, நடவு, நாற்று, நாரை, நெல். நம் பக்கத்துப் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான எழுத்து வேறு எது?

ஆனால் இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். காதுக்கு இந்த ஆறு சொல்லும் ஒரே குடும்பம். கண்ணுக்கு அப்படி இல்லை. நண்டு, நத்தை, நடவு மூன்றிலும் ந தனியாக முன்னால் நிற்கிறது. நாற்று, நாரை இரண்டிலும் பக்கத்தில் கால் வந்துவிடுகிறது. நெல்லில் கொம்பு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இடமிருந்து வலமாகப் பார்க்கும் குழந்தையின் கண்ணில் முதலில் படுவது கொம்புதான், ந இல்லை. 'நெல்லுக்கு முதல் எழுத்து காட்டு' என்றால் அது கொம்பைத் தொடும். அது பிள்ளையின் தவறு இல்லை. அதனால் முதல் வாரத்தில் அட்டையில் எழுதிக் காட்டுவது நண்டு, நத்தை, நடவு, நகம், நரி இவை மட்டும். நெல்லும் நாரையும் வாயில் வரட்டும், கதையில் வரட்டும், அட்டையில் வேண்டாம்.

வாரத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதலில் வரப்புக்கு அழைத்துப் போய் நண்டு வளையைக் காட்டுங்கள். எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டாம். நண்டு எப்படிப் பக்கவாட்டில் ஓடுகிறது, எத்தனை கால், வளை வாயில் ஏன் உருண்டை உருண்டையாக மண் கிடக்கிறது, இதுதான் பேச்சு. வீட்டுக்கு வந்ததும் அவனும் நண்டாக நடக்கட்டும். மறுநாள் காது விளையாட்டு: நீங்கள் சொல் சொல்ல, ந-வில் தொடங்கினால் அவன் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஒரு எட்டு வைக்க வேண்டும். நண்டு, நகம், நத்தை, கொக்கு, நரி, தவளை. கொக்குக்கும் தவளைக்கும் நின்றுவிட்டால் காது பிடித்துவிட்டது என்று அர்த்தம். அது நடக்க இரண்டு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். அதுவரை வடிவத்தைக் காட்ட அவசரப்படாதீர்கள்.

அப்புறம் கெட்டி அட்டையில் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக ந எழுதி, பசை தடவி, அவன் கையாலேயே நெல்மணி ஒட்ட வையுங்கள். காய்ந்த பிறகு விரலால் தடவட்டும். மாண்டிசோரி அம்மையார் உப்புத்தாளில் எழுத்து வெட்டிக் குழந்தைகளைத் தடவ வைத்தார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். உப்புத்தாள் செய்யும் வேலையை நம் நெல்லும் செய்யும். தடவும் திசை மட்டும் நாம் எழுதும் திசையாகவே இருக்க வேண்டும். அதை நீங்கள் விரல் பிடித்துக் காட்டுங்கள்.

பேராவூரணி_தென்னந்தோப்பு:

ஐயா, ஒரு சந்தேகம். உயிரெழுத்தை விட்டுவிட்டு நேரே ந-வுக்குப் போகலாமா? என் மகள் பள்ளியில் அ, ஆ முடித்த பிறகுதான் க, ங, ச. உறவுக்காரர் பள்ளியில் ட, ப, ம என்று தொடங்குகிறார்கள். எதுதான் சரி?

திருவையாறு_வாத்தியார்:

தம்பி, இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. அ, ஆ என்பது இலக்கண வரிசை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. மொழியின் அமைப்பு அந்த வரிசையில் அழகாக விளங்கும். ஆனால் அ, இ, ஈ, ஐ, ஔ எல்லாம் சின்னக் கைக்குச் சிரமமான வடிவங்கள்.

ட, ப, ம என்பது கையின் வரிசை. மேலிருந்து கீழே இறங்கி வலப்பக்கம் போனால் ட. அதிலிருந்தே மேலே ஏறினால் ப. ப-வோடு ஒரு வளைவு சேர்ந்தால் ம. மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், பட்டம், மடம், மட்டம் என்று முழுச் சொல்லே படித்துவிடலாம். தானாக ஒரு சொல்லைப் படித்துவிட்டேன் என்ற சந்தோஷம் பிள்ளைக்கு அத்தனை சீக்கிரம் வேறு வழியில் கிடைக்காது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, பிள்ளையின் வரிசை. எந்தப் பொருள் மேல் ஆசையோ அதன் எழுத்து. வீட்டில் ஒரே பிள்ளையை வைத்துக்கொண்டு சொல்லித் தரும் அம்மாவுக்கு இதுதான் வசதி. அடையாளம் காண ஆசையின் வரிசை, எழுதத் தொடங்கும்போது ட, ப, ம வரிசை. இரண்டையும் ஒன்றாக ஓட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

பாபநாசம்_பாட்டி:

எல்லாரும் சொல்வதைப் படித்தேன். எனக்கு ஒரு விஷயத்தில் மாற்றுக் கருத்து உண்டு. மனப்பாடத்தை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். எங்கள் காலத்தில் மணலைப் பரப்பி, விரல் பிடித்து, வாயால் சொல்லிக்கொண்டே எழுத வைத்தார்கள். அ, ஆ, இ, ஈ என்று ராகத்தோடு மனதில் பதிந்த வரிசை இன்றைக்கும் அகராதி புரட்டும்போது உதவுகிறது. பிள்ளை பாடுகிறானா, பாடட்டும். அந்தப் பாட்டு நாளைக்கு அவனுக்கு ஏணி.

எழுதுவதற்கு முன்னால் கை பழக வேண்டும் என்கிறீர்களே, அதற்கு நம் வீட்டு வாசலே போதும். பேத்திக்கு நான் முதலில் சொல்லித் தந்தது எழுத்து இல்லை, கோலம். நாலு புள்ளி வைத்துச் சேர்ப்பது, புள்ளியைச் சுற்றி வளைப்பது, சுழிப்பது. நம் எழுத்துக்கு வேண்டிய நேர்கோடு, வளைவு, சுழி மூன்றும் கோலத்தில் இருக்கிறது. மாவு பிடிக்கும்போது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நடு விரலும் சேர்கிற அந்தப் பிடிதான் பின்னால் பென்சில் பிடிக்கவும் வேண்டும். பையனுக்கு எதற்குக் கோலம் என்று கேட்காதீர்கள். என் பேரனும் போடுகிறான்.

நன்னிலம்_அம்மா:

நன்றி பாட்டி, நன்றி ஐயா. கோலத்தை நினைக்கவே இல்லை. நாளைக்குக் காலையில் தொடங்குகிறோம். சிலேட்டை என்ன செய்வது? மாமனார் தினமும் கேட்கிறார்.

அங்கன்வாடி_அக்கா_ஒரத்தநாடு:

சிலேட்டை மாமாவிடமே கொடுத்து, நண்டு வரையச் சொல்லுங்கள். பேரன் அதில் கண்ணும் காலும் சேர்க்கட்டும். கிறுக்கட்டும், அழிக்கட்டும். சிலேட்டில் கிறுக்குவதும் எழுத்துக்கு முந்திய வேலைதான். அவருக்கும் மனம் நிறையும்.

நான் அங்கன்வாடிப் பணியாளர். எங்கள் முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்துக்கு 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று பெயர். அதுவும் கருப்பொருள் வைத்துத்தான் நடக்கிறது. நான், என் குடும்பம், பழம், காய், விலங்கு, வண்டி என்று போகும். ஒரே பொருளைப் பாட்டில் கேட்டு, கதையில் கேட்டு, கையால் தொட்டு, வரைந்து, ஆடி முடிப்பதற்குள் அந்தச் சொல் பிள்ளைக்குச் சொந்தமாகிவிடுகிறது. அப்புறம் எழுத்தைக் காட்டினால் அது புதிய பொருளாக வராது. தெரிந்த பொருளுக்கு ஓர் அடையாளமாக வரும். இரண்டு வருடம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தால் இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

கைக்குப் பலம் வர நான் செய்வது: கொழுக்கட்டை மாவு பிசைந்து பாம்பு உருட்டுவது, அந்தப் பாம்பை வளைத்து எழுத்து செய்வது. வண்டல் மண் இருந்தால் இன்னும் நல்லது. துணி காயப்போடும் கிளிப்பைக் கயிற்றில் மாட்டிக் கழற்றுவது. பழைய துணியை நனைத்துப் பிழிவது. சின்ன வாளித் தண்ணீரும் பழைய பெயின்ட் பிரஷ்ஷும் கொடுத்து சிமென்ட் தரையில் எழுத விடுவது. வெயிலில் அது மறைவதற்குள் அடுத்தது எழுத வேண்டும் என்று பிள்ளைகள் ஓடும் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்! மூன்றரை வயதில் மணிக்கட்டு எலும்பும் விரல் தசையும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. பென்சிலால் கோட்டுக்குள் எழுது என்று கட்டாயப்படுத்தினால் பிடி கோணலாகப் பழகிவிடும். பிறகு மாற்றுவது கஷ்டம்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து எல்லாரும் படியுங்கள். எழுத்தின் மேல் ஒட்ட வைக்க அழகாக இருக்கிறதென்று குன்றிமணியைக் கொடுக்காதீர்கள். அது விஷம். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டை, பட்டாணி, பாசிமணி எல்லாம் மூக்குக்குள், காதுக்குள் போகும். நாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் எடுக்க வேண்டும், முடிந்ததும் எண்ணி எடுத்து வைக்க வேண்டும். மருந்தடித்த வயலில் நண்டு, நத்தை பிடிக்க விடாதீர்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் வரப்புக்குப் போனால் பிள்ளையின் கையை விடவே கூடாது. முழங்கால் ஆழத் தண்ணீர்தானே என்று நினைப்பது நமக்கு; அவனுக்கு அது இடுப்புக்கு மேல்.

நன்னிலம்_அம்மா:

அக்கா, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். பிள்ளையார் செய்ய வாங்கிய குன்றிமணி வீட்டில் இருந்தது. எடுத்து மேலே வைத்துவிட்டேன்.

குவைத்_அப்பா:

எனக்கு ஊர் வலங்கைமான் பக்கம். மனைவியும் மகளும் அங்கே இருக்கிறார்கள், மகளுக்கு நாலு வயது. இங்கே நான் ஆறு மணிக்கு வேலை முடித்து வந்தால் ஊரில் எட்டரை. அவள் தூங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் வீடியோவில் நாங்கள் இரண்டு பேரும் விளையாடுவது இதுதான்: "அப்பா ஒண்ணு பார்த்தேன், அது ப-வில் ஆரம்பிக்குது." அவள் வீட்டைச் சுற்றி ஓடிப் போய்ப் பந்து, பல்லி, பழம், படி என்று ஒவ்வொன்றாகக் காட்டுவாள். பல்லியைக் காட்ட அம்மாவைக் கூப்பிடுவாள். பிறகு அவள் முறை, நான் என் அறையில் தேட வேண்டும். எழுத்து சொல்லித் தருகிறோம் என்ற நினைப்பே இருவருக்கும் இருக்காது.

மனைவி பேருந்தில் போகும்போது முன்பலகையைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். 'கும்பகோணம்' என்ற பலகையில் ம் எத்தனை இருக்கிறது என்று நானும் மகளும் தேடுவோம். இரண்டு. 'மன்னார்குடி' வந்தால் முதல் எழுத்தே ம. இப்போது நிறுத்தத்தில் நின்றால் அவளே பலகையைப் பார்த்து "அம்மா, நம்ம ம வருது" என்கிறாளாம். பிள்ளைக்குப் பலகை வாசிப்பது ஒரு பெரிய வேலை, பெரியவர்கள் செய்யும் வேலை. அதைத் தானும் செய்கிறோம் என்ற பெருமை அவளுக்கு.

என் கேள்வி: எழுத்து சொல்லித் தரும் செயலிகள் நிறைய இருக்கின்றன. பக்கத்தில் இல்லாத என்னைப் போன்ற அப்பாக்கள் அதைப் பயன்படுத்தலாமா?

அங்கன்வாடி_அக்கா_ஒரத்தநாடு:

தம்பி, நீங்கள் விளையாடும் விளையாட்டு எந்தச் செயலியிலும் இல்லை. செயலியில் பிள்ளை சரியாகத் தொட்டால் மணி அடிக்கும், அவ்வளவுதான். உங்கள் மகள் எழுந்து ஓடுகிறாள், தேடுகிறாள், காரணம் சொல்கிறாள், அப்பா முகத்தைப் பார்க்கிறாள். அதையே தொடருங்கள்.

மயிலாடுதுறை_தோழி:

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. என் நிலைமையையும் சொல்கிறேன். மகள் ஒரு தனியார் பள்ளியில் எல்கேஜி. தினமும் ஆங்கிலப் பெரிய எழுத்து ஒரு பக்கம், சிறிய எழுத்து ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம், எண் ஒரு பக்கம் வீட்டுப்பாடம். செய்யாமல் போனால் நாட்குறிப்பில் குறிப்பு வருகிறது. மாலையில் நான் கோலம் போட வைப்பதா, இந்த நாலு பக்கத்தை முடிப்பதா? பிள்ளை அழுகிறாள், எனக்கும் அழுகை வருகிறது. விளையாட்டு விளையாட்டு என்று சொல்லி நாளைக்கு ஒன்றாம் வகுப்பில் பின்தங்கிவிட்டால்?

திருவையாறு_வாத்தியார்:

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. அதனால் நேராகவே சொல்கிறேன். எல்கேஜியில் பக்கம் பக்கமாக எழுதிய பிள்ளைக்கும், எழுதாமல் வந்து ஒலியை நன்றாகப் பிடித்த பிள்ளைக்கும் இரண்டாம் வகுப்பில் நான் பெரிய வேறுபாடு பார்த்ததில்லை. வேறுபாடு இருந்தால், படிப்பு என்றாலே அழும் பிள்ளைதான் பின்னால் நின்றது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எழுத்தறிவையும் எண்ணறிவையும் மையமாக வைத்து, ஆடல், பாடல், பொம்மலாட்டம் என்று செயல்வழியாகத்தான் நடத்தத் தொடங்கினார்கள். ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைக்கே இது தேவை என்று அரசாங்கம் சொல்லும்போது நாலு வயதுக்கு நாம் ஏன் நாலு பக்கம் கேட்க வேண்டும்?

நடைமுறைக்கு ஒரு வழி. பள்ளியில் ஆசிரியையை நேரில் பாருங்கள். சண்டையாக வேண்டாம். 'பிள்ளை ஒரு பக்கம் நிதானமாக எழுதினால் போதுமா, மீதியை வாயால் சொல்ல வைக்கிறேன்' என்று கேளுங்கள். வகுப்பில் அவ்வளவு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர்களும் திணறுகிறார்கள். நேரில் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். எழுதும் அந்த ஒரு பக்கத்தையும் பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

பாபநாசம்_பாட்டி:

மயிலாடுதுறை மகளே, முதலில் பிள்ளைக்குப் பசியாற்று. பள்ளி விட்டு வந்ததும் நோட்டை எடுக்காதே. ஏதாவது தின்னக் கொடுத்து, கொஞ்ச நேரம் தெருவில் ஓடவிட்டு, விளக்கேற்றிய பிறகு உட்கார வை. பாதி அழுகை அதிலேயே நின்றுவிடும்.

பேராவூரணி_தென்னந்தோப்பு:

மகள் ர-வையும் காலையும் குழப்பிக்கொள்கிறாள். 'மாடு' என்று எழுதினால் ம, ர, டு என்று படிக்கிறாள். எ-வும் ஏ-வும் அவளுக்கு ஒன்றுதான். சில எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது மாதிரி திருப்பி எழுதுகிறாள். ஏதாவது குறையா, டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

திருவையாறு_வாத்தியார்:

நாலு, ஐந்து வயதில் இவை எல்லாம் சாதாரணம் தம்பி. ஒரு குடத்தை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அது குடம்தான் என்று இத்தனை நாள் கற்றுக்கொண்ட பிள்ளையிடம், எழுத்தைத் திருப்பினால் மட்டும் அது வேறு என்கிறோம். புரிய நாளாகும். திருப்பி எழுதுவது பெரும்பாலும் ஏழு வயதுக்குள் தானாக நின்றுவிடும். அதற்கு மேலும் தொடர்ந்து, படிப்பதிலும் ரொம்பச் சிரமப்பட்டால் அப்போது காட்டலாம். பேச்சு தெளிவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் மட்டும் காத்திருக்காமல் இப்போதே காது பரிசோதனை செய்துவிடுங்கள்.

ர-வும் காலும் ஏறக்குறைய ஒரே தோற்றம், பெரியவர்கள் கையெழுத்தில் இன்னும் மோசம். அதனால் உயிர்மெய்க்கு வரும்போது குறிகளை வேறு நிறத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மெய்யின் உடல் கறுப்பு, கால், கொம்பு, விசிறி எல்லாம் சிவப்பு. ஈர்க்குச்சியை ஒடித்துக் காலாக வைத்து விளையாடலாம். ம அட்டை பக்கத்தில் குச்சி வைத்தால் மா, எடுத்தால் ம. ப பக்கத்தில் வைத்தால் பா. எழுதாமலே 'படம்' என்ற அட்டையில் குச்சி வைத்துப் 'பாடம்' ஆக்கலாம், 'மடம்' என்பதை 'மாடம்' ஆக்கலாம். ஒரு குச்சியால் சொல்லே மாறிவிடுகிறதே என்று பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

கொம்பைக் கடைசியில் வையுங்கள். எழுதும்போது முன்னால், ஒலிக்கும்போது பின்னால் என்பது பெரிய தாவல். மெ, மே, மை முடிந்து மொ, மோ என்று இருபுறமும் வரும்போது அவசரமே வேண்டாம்.

நன்னிலம்_அம்மா:

ஐயா, இதில் இன்னொரு சிக்கல் வந்தது. மாமனார் சிலேட்டில் 'தவளை' என்று எழுதிக் காட்டினார். ளை-க்கு முன்னால் ஐகாரக் குறி போடாமல் பழைய மாதிரி யானைத் துதிக்கை போட்டு எழுதினார். பையன் புரியாமல் பார்த்தான்.

திருவையாறு_வாத்தியார்:

அவர் தலைமுறை கற்றது அதுதான். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்த பிறகுதான் ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவை இப்போதைய வடிவத்துக்கு வந்தன. மாமாவிடம் மரியாதையாகச் சொன்னால் புரிந்துகொள்வார். பேரனுக்குப் பத்து வயது ஆகும்போது அந்தப் பழைய வடிவங்களை அவரே காட்டிக் கதை சொல்லட்டும், அதற்கு அவரைவிட நல்ல ஆள் கிடையாது.

நீடாமங்கலம்_சித்தி:

அக்கா மகன் இடது கையால்தான் எல்லாம் எடுக்கிறான். கோலமாவும் இடது கையில்தான். வலது கைக்கு மாற்ற வேண்டுமா? வீட்டில் பெரியவர்கள் மாற்றச் சொல்கிறார்கள்.

அங்கன்வாடி_அக்கா_ஒரத்தநாடு:

மாற்றவே வேண்டாம். அது மூளை தேர்ந்தெடுத்த கை. கட்டாயப்படுத்தினால் எழுத்தும் கெடும், பிள்ளைக்குப் பயமும் வரும். சாப்பாட்டுக்கு வலது கை பழக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

மயிலாடுதுறை_தோழி:

ல, ள, ழ மூன்றும் என் வீட்டில் ஒன்றுதான். பெரியவர்களே வாளப்பளம் என்கிறோம். பிள்ளைக்கு எப்படி வரும்?

பாபநாசம்_பாட்டி:

இதற்கு வாழையையே எடுத்துக்கொள். காவிரிப் படுகையில் இருக்கிற நமக்கு வாழை இல்லாத நாள் உண்டா? ஒரு வாரம் முழுக்க வாழை. இலையை விரித்து அதில் சாப்பாடு. பூவை மடல் மடலாகப் பிரித்துக் கள்ளனை எடுக்க வை, விரலுக்கு அதைவிட நல்ல வேலை இல்லை. நாரைத் தரையில் வளைத்து வளைத்து எழுத்து செய். மட்டையைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்துத் தாளில் குத்தினால் அறை அறையாக அழகான அச்சு விழும். இத்தனையும் செய்யும்போது நீ மட்டும் வாழை, வாழை என்று நாக்கை நன்றாக மடித்துச் சொல்லு. பிள்ளையைத் திருத்தாதே. கேட்டுக்கொண்டே இருந்தால் வரும்.

திருவையாறு_வாத்தியார்:

பாட்டி சொன்னது முழுக்கச் சரி. ழ, ர, ற போன்ற ஒலிகள் குழந்தைகளுக்குத் தாமதமாகத்தான் வரும், நாக்கு அதற்குப் பழக வேண்டும். இன்னொன்று, ழ, ள, ண, ற, ன எல்லாம் தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. அதனால் 'இந்த எழுத்தில் தொடங்கும் பொருள்' என்ற விளையாட்டு இவற்றுக்குப் பொருந்தாது. 'உள்ளே ஒளிந்திருக்கும் எழுத்து' என்று மாற்றிக்கொள்ளுங்கள். வாழை, கோழி, மழைக்கு நடுவில் ழ. தவளை, வாளி, கிளிக்கு நடுவில் ள. வண்டி, நண்டுக்குள் ண் ஒளிந்திருக்கிறது. நண்டு அட்டையை ஏற்கெனவே தெரிந்த பிள்ளைக்கு, அதே அட்டையில் இன்னோர் எழுத்து கிடைப்பது பெரிய கண்டுபிடிப்பு.

நீடாமங்கலம்_சித்தி:

நான் ஒன்று சேர்க்கிறேன். கொலுவுக்கு வாங்கிய தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை பலர் வீட்டிலும் இருக்கும். அக்கா மகனோடு நாங்கள் அதை நடுவராக வைத்து விளையாடுவோம். பிள்ளை ஓர் எழுத்தைக் காட்டிப் பெயர் சொல்வான். சரியாக இருந்தால் பொம்மையின் தலையைத் தட்டி ஆட வைப்போம். தவறாக இருந்தால் பொம்மை சும்மா இருக்கும், அவ்வளவுதான். யாரும் 'தப்பு' என்று சொல்ல வேண்டியதில்லை. சில நேரம் அவனே பொம்மைக்குச் சொல்லித் தருகிறான்.

நன்னிலம்_அம்மா:

எல்லாருக்கும் நன்றி. ந வாரம் முடிந்தது, உண்மையில் ஒரு வாரத்துக்கும் மேலாகவே ஓடியது. நண்டு நடை வீட்டில் எல்லாருக்கும் பழகிவிட்டது, மாமனாருக்கும்! நெல் ஒட்டிய அட்டையைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். நேற்று செய்தித்தாளில் ஒரு தலைப்பைக் காட்டி "நண்டு ந" என்றான். பார்த்தால் அது த. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கிறது. திருத்தாமல், 'இது நண்டுக்குப் பக்கத்து வீட்டுத் தவளை' என்று சொல்லிவிட்டேன். இப்போது த-வையும் தேடுகிறான்.

அடுத்து ஆடிப்பெருக்கு வருகிறது. ச எடுக்கலாமா? சப்பரம், சக்கரம், சர்க்கரை. பூந்தோட்டம் பக்கத்தில் இருப்பதால் விஜயதசமிக்குக் கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் எழுத்து தொடங்கி வைக்க வேண்டும் என்று மாமனாருக்கு ஆசை. அதற்கு முன்னாலேயே நாங்கள் எழுத்து காட்டத் தொடங்கிவிட்டோமே, பரவாயில்லையா?

திருவையாறு_வாத்தியார்:

தாராளமாகப் போங்கள். அங்கே நெல்லிலோ அரிசியிலோ விரல் பிடித்து எழுத வைப்பார்கள். உங்கள் பிள்ளைக்கு நெல்லில் விரல் வைப்பது ஏற்கெனவே பழக்கமான வேலை, பயப்படாமல் உட்காருவான். அன்றைக்குக் கூட்டம் அதிகம் இருக்கும், அழும் பிள்ளைகளைப் பார்த்து இவனும் அழக்கூடும். விடியற்காலையில் போய்விடுங்கள்.

ச நல்ல தேர்வு. சப்பரத்தின் நாலு பக்கமும் அவன் ஒட்டிய ந, த, ச அட்டைகளைக் கட்டி இழுக்கட்டும். சர்க்கரை சேர்த்த காப்பரிசியைக் கையில் கொடுத்து, 'ச எதில் இருக்கிறது' என்று கேளுங்கள். ஆற்றுக்குப் போகும்போது அங்கன்வாடி அம்மா சொன்னது நினைவிருக்கட்டும், கையை விடாதீர்கள்.

நன்னிலம்_அம்மா:

சரி ஐயா. சப்பரம் கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்யலாம் என்று இருக்கிறோம். அட்டைப்பெட்டி இருக்கிறது. சக்கரத்துக்கு என்ன போடலாம், யாராவது செய்திருக்கிறீர்களா?

பாபநாசம்_பாட்டி:

பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டு. நடுவில் மூங்கில் குச்சி கோத்தால் நன்றாக ஓடும். வெட்டுவது மாமனார் வேலை, உருட்டிப் பார்ப்பது பேரன் வேலை.